நூற்று முப்பத்திரண்டு பவுண்டு

“உங்கள் ஆட்கள்தான் இந்த ஊரிலேயே ஆரோக்கியமானவர்கள், தெரியுமா?” என்று டெலோரஸ் சொன்னபோது பத்ருன்னிசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹூஸ்டன் டவுன்டவுனில் ஒன்பதாவது மாடி. 1999 அக்டோபர். இனத்துக்கு இனம் மக்களின் ஆரோக்கியத்தில் இருக்கும் ஏற்றத்தாழ்வைக் குறைக்க மானியம் கொடுக்கும் அலுவலகம் அது. டெலோரஸ் அங்கே விண்ணப்பங்களைப் பார்க்கிறவள். கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. காபி கொடுத்தாள், உட்காரச் சொன்னாள். அப்புறம் ஒரு தாளை எடுத்து மேஜையில் விரித்தாள். அதில் நான்கு கம்பங்கள் வரையப்பட்டிருந்தன. வெள்ளையர், கறுப்பர், ஹிஸ்பானிக், ஆசியர். சர்க்கரை வியாதியில் ஆசியர் கம்பம்தான் இருப்பதிலேயே குட்டை.

“இதில் நாங்கள் எங்கே?” என்று பத்ருன்னிசா கேட்டாள். டெலோரஸ் பென்சில் முனையால் அந்தக் குட்டைக் கம்பத்தைத் தொட்டுக் காட்டினாள்.

சீனாக்காரர், கொரியாக்காரர், வியட்நாம்காரர், பள்ளப்பட்டியில் பிறந்த பத்ருன்னிசா எல்லாரும் அந்த ஒரே கம்பத்துக்குள். உலகத்து ஜனத்தில் பாதியை ஒரே கட்டத்தில் போட்டு அடைத்துவிட்டு, உனக்கு ஒரு நோயும் இல்லை, போய் வா என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அவள் கைப்பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, அந்த நான்கு கம்பங்களின் மேலேயே போட்டாள்.

அந்த நோட்டுக்கு மூன்று வயது. அவள் கோபத்துக்கு அதைவிட வயது அதிகம். திருச்சி அரசு ஆஸ்பத்திரியில் பதினான்கு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். 1990-இல் கணவர் அன்வர் பாட்சாவோடும் பத்து வயது மகள் பர்வினோடும் ஹூஸ்டனுக்கு வந்து இறங்கியபோது, உன் சர்டிபிகேட் இங்கே செல்லாது, முதலிலிருந்து படி என்றார்கள். மூன்று வருஷம் முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பு மாற்றினாள். பிறகு ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை கிடைத்தது. அவள் குத்தினால் வலிக்காது என்று பெயர். பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்ய? நர்ஸ் என்று சட்டையில் குத்திக்கொள்ள முடியவில்லை.

அன்வர் பாட்சா ஹில்கிராஃப்ட்டில் மளிகைக் கடை வைத்தார். பாட்சா ஸ்டோர்ஸ். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஹூஸ்டன் தமிழர்களில் பாதிப் பேர் அங்கே கறிவேப்பிலைக்கும் இட்லி அரிசிக்கும் வந்து நிற்பார்கள். 1996-இல் ஒரு ஞாயிறு, அப்படி வந்த ஒரு சாஃப்ட்வேர்காரர் பருப்பு அலமாரிக்கு முன்னால் சுருண்டு விழுந்தார். பத்ருன்னிசா விரலைக் குத்திப் பார்த்தாள். சர்க்கரை நானூற்றுப் பத்து. வயது முப்பத்து மூன்று. டாக்டரைப் பார்த்து ஐந்து வருஷமாயிற்றாம், வேலை ஜாஸ்தியாம். அடுத்த ஞாயிறே கடையின் பின்பக்கம் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மடக்கு மேஜை வந்துவிட்டது. மேஜைமேல் சர்க்கரை பார்க்கும் மெஷின், பிரஷர் பார்க்கும் கருவி, பஞ்சு, அந்த நோட்டு.

நோட்டில் பெயர்கள் கிடையாது. கையை நீட்டுவார்கள், விரலைக் காட்டுவார்கள், பெயரைக் கேட்டால் மட்டும் ஊமையாகிவிடுவார்கள். “பேர்லாம் வேணாம் ஆன்ட்டி, இன்சூரன்ஸ்ல ப்ராப்ளம் ஆயிடும்” என்பார் ஒருவர். “பொண்ணுக்குப் பார்த்துட்டு இருக்கோம் ஆன்ட்டி, வெளில தெரிஞ்சா...” என்பாள் இன்னொருத்தி. அதனால் பத்ருன்னிசாவே பெயர் வைத்தாள். ‘சிவப்பு டொயோட்டா, 310.’ ‘மீசை, 268.’ ‘தினம் முறுக்கு வாங்கும் அம்மா, 345.’ இப்படி நானூறு பேருக்கு மேல்.

அதைத்தான் டெலோரஸ் புரட்டிப் பார்த்தாள். பர்வின் பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்துச் சொன்னாள். டெலோரஸ் வாய்விட்டுச் சிரிக்கவில்லை, அது அவள் மரியாதை. “இதைக் கமிட்டி ஏற்காது” என்றாள். “பெயர் வேண்டாம், ஆனால் முறையான படிவம் வேண்டும். ஒரு குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் என்றாலும் சரி, இருநூறு பேர் எங்கள் கேள்விப் படிவத்தை நிரப்பித் தரட்டும். உங்கள் ஜனங்களுக்கு நோய் இருக்கிறது என்று அதில் தெரிந்தால், உங்களுக்காக நானே வாதாடுகிறேன்.”

மானியம் வந்தால் என்ன கிடைக்கும் என்பது பத்ருன்னிசாவுக்கு மனப்பாடம். வாரத்துக்கு இரண்டு சாயங்காலம் அதே கடையின் பின்பக்கம் ஒரு டாக்டர் வந்து உட்காருவார். இன்சுலின் வரும். கால் புண்ணுக்கு மருந்து வரும். கால் புண் என்றால் வெங்கடாசலத்தின் கால்.

அந்த நோட்டில் சொந்தப் பெயரோடு இருந்த ஒரே ஆள் வெங்கடாசலம்தான். நாமக்கல்காரர், நாற்பத்தெட்டு வயது, பக்கத்து ரெஸ்டாரண்டில் சமையல். காலையில் பத்து மணிக்கு அடுப்பு முன்னால் நின்றால் இரவு பதினொன்று வரை அதே இடம். இன்சூரன்ஸ் கிடையாது. முதலாளி தயவில் விசா. வலது பாதத்தில் சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு புண் வந்து ஆறாமல் இருந்தது. ஞாயிறுதோறும் பத்ருன்னிசா கழுவிக் கட்டுவாள், கட்டும்போதே திட்டுவாள்.

“இன்சூரன்ஸ் இல்லாட்டியும் பார்ப்பாங்க, கவுன்ட்டி ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு எத்தனை தடவ சொல்றது?”

“போனா லீவு கேக்கோணுங்க சிஸ்டர். லீவு கேட்டா எதுக்குன்னு கேப்பாருங்க. சீக்குக்காரன்னு தெரிஞ்சா ஊருக்கு ஏத்தி உட்டுருவாருங்க. நீங்க டாக்டர் வருவாருன்னீங்களே, வரட்டுங்க. இங்கயே காட்டிக்கறனுங்க.”

இவருக்காகத்தான் அவள் அந்த ஒன்பதாவது மாடியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படிவக் கட்டை வாங்கிக்கொண்டு வந்தாள்.

நவம்பர் மாதம் நான்கு ஞாயிறும் அதே வேலை. படிவத்தில் இருபது கேள்விகள், எல்லாம் இங்கிலீஷில். வயது, உயரம், எடை, அப்புறம் வரிசையாக ஆம், இல்லை. முதல் ஞாயிறு முதல் மணி நேரத்திலேயே, எல்லாம் படித்துப் பட்டம் வாங்கிய கூட்டம், “இதை எப்படி ஃபில் பண்ணணும்?” என்று அவளை மொய்த்துவிட்டது. பர்வினுக்கு ஒரு யோசனை தோன்றியது. “அம்மா, நீங்க ஒண்ணு ஃபில் பண்ணி சுவத்துல ஒட்டிடுங்க. ஜஸ்ட் எ சாம்பிள்.”

நல்ல யோசனைதான். நம் ஊர் போஸ்டாபீஸிலும் பாங்கிலும் மாதிரிப் படிவம் ஒன்று கண்ணாடிக்குள் தொங்குமே, அதைப் பார்த்து எழுதித்தானே எல்லாரும் வளர்ந்தோம். பத்ருன்னிசா பேனாவை எடுத்தாள். உயரம் ஐந்தடி ஒன்று. எடை நூற்று முப்பத்திரண்டு பவுண்டு. ஏழாவது கேள்வி: உங்களுக்குச் சர்க்கரை வியாதி உண்டா?

உண்டு. 1993-இலிருந்து உண்டு. வீட்டில் ஏலக்காய் டப்பாவுக்குள் மாத்திரை இருக்கிறது. அது சத்து மாத்திரை என்றுதான் பர்வினும் அன்வர் பாட்சாவும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர் விரலையெல்லாம் குத்தி, ஏன் மறைக்கிறீர்கள் என்று சண்டை போட்டவள், தன் விரலை மட்டும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குத்துவாள். அந்த நேரம் பார்த்துக் கடை கவுன்ட்டரில் ஒரு அம்மாள் கொத்தமல்லிக் கட்டு பொறுக்கிக்கொண்டிருந்தாள். பர்வினுக்கு டல்லாஸில் ஒரு மாப்பிள்ளை பேச்சு நடந்துகொண்டிருந்தது. அந்த அம்மாள் மாப்பிள்ளையின் மாமி. தாய்க்குச் சர்க்கரை என்றால் மகளுக்கும் வரும் என்று இரண்டு இடம் தட்டிப்போனதை பத்ருன்னிசா ஊரில் கண்ணால் பார்த்தவள்.

மாதிரிதானே என்று நினைத்தாள். இல்லை என்று போட்டாள். ஏழுக்கு இல்லை என்று போட்ட கை எட்டுக்கும் ஒன்பதுக்கும் தானாகப் போட்டது. இருபதுவரை இல்லை, இல்லை, இல்லை. ஃப்ரீசருக்கு மேலே சுவரில் டேப் போட்டு ஒட்டினாள்.

நிரப்பிய படிவங்களை ஓட்டை போட்ட ஒரு சீல் வைத்த பெட்டிக்குள் போட வேண்டும், யாரும் திறந்து பார்க்கக் கூடாது என்பது அலுவலகத்தின் விதி. அவள் திறக்கவில்லை. மாத முடிவில் பர்வின் காரில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. பத்ருன்னிசா அன்று கடையில் எல்லாருக்கும் ஜிலேபி கொடுத்தாள். சர்க்கரைக்காரர்களும் வாங்கித் தின்றார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மார்ச் மாதம் கடிதம் வந்தது. வருந்துகிறோம் என்று ஆரம்பித்தது. கணக்கெடுப்பில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இருநூற்றுப் பதினான்கில் மூன்று பேர், ஆறாத புண் உள்ளவர்கள் பூஜ்யம், ஆகவே இந்தச் சமூகத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பதாகக் கருத முடியவில்லை என்று முடிந்தது.

அவள் லேபுக்கு லீவு சொல்லிவிட்டு நேரே ஒன்பதாவது மாடிக்குப் போனாள். நாலு நல்ல வார்த்தை கேட்டுவிட்டு வரத்தான் போனாள். பெட்டியை யாரோ மாற்றிவிட்டார்கள், சீனர்களின் படிவத்தை எங்கள் பெயரில் எண்ணிவிட்டார்கள் என்று வழியெல்லாம் பர்வினிடம் கத்திக்கொண்டே போனாள். டெலோரஸ் படிவக் கட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். பத்ருன்னிசா புரட்டினாள். இல்லை, இல்லை, இல்லை. தாளுக்குத் தாள், மேலிருந்து கீழே ஒரே கோடாக இல்லை.

“இன்னொன்று” என்று டெலோரஸ் தயங்கினாள். “அறுபத்தொரு பேர் ஒரே எடை. நூற்று முப்பத்திரண்டு. ஆறடி ஆண்கள்கூட. கமிட்டியில் கொஞ்சம் சிரித்தார்கள்.”

பர்வின் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பத்ருன்னிசாவுக்கு அப்போது காதில் விழுந்ததெல்லாம் ‘சிரித்தார்கள்’ என்ற ஒரு சொல்தான். விளையாட்டாகவா போயிற்று இந்த ஜனத்துக்கு? ஒரு ஆள் கால் அழுகிக்கொண்டிருக்கிறது, இதுகளுக்குப் படிவம் கேலிக்கூத்தாகப் போய்விட்டது! கட்டைக் கேட்டு வாங்கிக் காரில் எறிந்தாள்.

அடுத்த ஞாயிறு, நடுப்பகல், கடை நிறைந்திருந்த நேரம். பத்ருன்னிசா படிவக் கட்டை ஃப்ரீசர் மேல் ஓங்கி வைத்தாள். வெண்டைக்காய் பொறுக்கியவர்களின் கை நின்றது.

“யாருக்கெல்லாம் இங்க சுகர் இல்ல? கை தூக்குங்க, பார்க்கலாம். நான் குத்தாத விரல் எதாவது இருக்கா இந்தக் கடையில? பேர்தான் போட வேணாம்னு சொன்னாங்களே! ஒரு டிக்கு உண்மையா போட என்ன கேடு உங்களுக்கு? உங்களுக்கு டாக்டர் இருக்காங்க, இன்சூரன்ஸ் இருக்கு. இல்லாதவன் என்னய்யா பண்ணுவான்?”

“பத்ரு, மெதுவா” என்றார் அன்வர் பாட்சா. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூட்டத்தில் எண்ணெய் டின்னோடு நின்ற அனந்தராமனை நேராகக் கைகாட்டினாள். எண்ணெய்க் கம்பெனி இன்ஜினீயர். நோட்டில் அவர்தான் ‘மீசை, 268.’

“நீங்க சொல்லுங்க தம்பி. என்ன போட்டீங்க?”

அனந்தராமனுக்கு முகம் சிவந்துவிட்டது. “ஆன்ட்டி, ஆனஸ்ட்டா சொல்றேன். ஃபார்ம்னாலே நமக்கு கை தானா நோ போட்டுடும். விசா ஃபார்ம், க்ரீன் கார்டு ஃபார்ம், எல்லாத்துலயும் அதுதானே? நாஜிக் கட்சியில இருந்தியா, நோ. ஜெயிலுக்குப் போனியா, நோ. டிசீஸ் இருக்கா, நோ. ஒரு எஸ் போட்டா எங்க கொண்டு போய் விடுமோன்னு பயம். ஃபேமிலில அஞ்சு பேருக்கும் நான்தான் போட்டேன்.”

“வெயிட்டு? ஆறடி ஆளு நூத்து முப்பத்திரெண்டு பவுண்டா?”

“பவுண்டுல எவ்ளோன்னு தெரியல, ஆன்ட்டி.” அவர் குரல் இறங்கிவிட்டது. “அதுல எப்படி இருந்துதோ அப்படியே பாத்து எழுதிட்டேன்.”

அதுல என்று அவர் காட்டிய இடத்தைக் கடையே திரும்பிப் பார்த்தது. ஃப்ரீசருக்கு மேலே, ஒரு மூலை டேப் பிய்ந்து, அந்த மாதிரிப் படிவம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கையெழுத்து. அவள் எடை. அவள் போட்ட இல்லைகள்.

பத்ருன்னிசா வாயைத் திறந்தாள். திட்டுவதற்கு ஆள் யாரும் மிச்சமில்லை. பின்பக்கம் போய் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள். இருநூற்றுப் பதினான்கு பேர் பொய் சொல்லிவிட்டார்கள் என்று ஊரைக் கூட்டி வைத்து நாறடித்தாளே, பொய்யை எழுதிச் சுவரில் ஒட்டி, இதைப் பார்த்து எழுதுங்கள் என்று சொன்னது யார்? தன்னையே நாலு அறை அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. பர்வின் பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்றாள்.

“அம்மா, ஏலக்காய் டப்பால இருக்கறது விட்டமின் இல்லைல்ல? ஆபீஸ்லயே நெனச்சேன்.” பத்ருன்னிசா இல்லை என்று தலையாட்டினாள். “சின்ஸ் வென்?” என்றாள் பர்வின். அம்மா சொன்ன வருஷத்தைக் கேட்டு அவளும் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஞாயிறு வெங்கடாசலம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் தங்கியிருந்த அறைக்கே தேடிக்கொண்டு போனபோது, கதவைத் திறக்கும் முன்பே அவளுக்கு வாடை தெரிந்துவிட்டது. பதினான்கு வருஷம் வார்டில் இருந்த மூக்கு. பாதம் கறுத்திருந்தது, ஆளுக்குக் காய்ச்சல் கொதித்தது. கேட்கவெல்லாம் இல்லை, காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கவுன்ட்டி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். அதை நவம்பரிலேயே செய்திருக்கலாம். மானியம் வரும், டாக்டர் வருவார் என்று அந்த ஆளோடு சேர்ந்து அவளும் காத்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்றார் சர்ஜன்.

நான்காம் நாள் வெங்கடாசலம் தெளிவாகப் பேசினார். பத்ருன்னிசா கட்டில் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

“நானும் ஒரு பாரம் எழுதுனனுங்க சிஸ்டர். பர்வின் பாப்பா கேள்வியப் படிச்சுக் காட்டுச்சு. பதினொண்ணுல, ஆறாத புண்ணு இருக்கான்னு கேட்டிருந்துச்சுங்க. காலப் பாத்தனுங்க. அப்பறம் செவுத்தப் பாத்தனுங்க. சிஸ்டரே இல்லன்னு எழுதியிருக்கறப்ப அப்படித்தான் எழுதோணும் போலன்னு நானும் இல்லன்னு போட்டுட்டனுங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் குற்றம் சொல்லவே இல்லை, நடந்ததைச் சொன்னார். அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போய், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதாள்.

முதலாளி எதிர்பார்த்ததைத்தான் செய்தார், வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். விசாவைத் தன் கடை பெயருக்கு மாற்ற அன்வர் பாட்சா ஒரு வக்கீலைப் பிடித்தார், அதற்கே கோடைகாலம் முழுக்க அலைந்தார்.

2000 அக்டோபரில் டெலோரஸிடமிருந்து புதுப் படிவக் கட்டு வந்தது. மறுபடி முயன்று பாருங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தாள். முதல் ஞாயிறு, பகல் பன்னிரண்டு மணி, கடை நிறையக் கூட்டம். கவுன்ட்டரில் டல்லாஸ் மாப்பிள்ளையின் மாமி முருங்கைக்காய் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்ருன்னிசா எல்லாரும் பார்க்க ஃப்ரீசர் மேல் ஒரு படிவத்தை விரித்து, கறுப்பு மார்க்கர் பேனாவால் எழுதினாள். உயரம். எடை. ஏழாவது கேள்வி: ஆம். பக்கத்தில், கேட்காத இடத்தில், தமிழில் பெரிதாக ‘1993 முதல்’ என்று எழுதினாள். கீழே, பெயர் போட வேண்டாம் என்று அச்சடித்திருந்த இடத்தில், பெயரையும் போட்டாள். சுவரில் ஒட்டினாள்.

மாமி முருங்கைக்காயைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் படித்தாள். அன்வர் பாட்சாவும் படித்தார். பில் போட்டுக்கொண்டிருந்தவர் கண்ணாடியைக் கழற்றி மனைவியைப் பார்த்தார், ஏழு வருஷமா என்று உதடு மட்டும் அசைந்தது. அந்த ரகளையெல்லாம் வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளலாம் என்று அவள் கையைக் காட்டினாள்.

“ஆன்ட்டி, வெயிட்டு என்ன போடணும்?” என்றது வரிசையில் ஒரு குரல்.

“உன் வெயிட்டப் போடுய்யா! அந்தா ஸ்கேல் இருக்கு, ஏறி நில்லு! என்னப் பார்த்து எழுதினது போதும்!”

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. வரிசையில் முதல் ஆளாக, கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு, வெங்கடாசலம் நின்றிருந்தார். பர்வின் படிக்கப் படிக்க அவர் சுவரை நிமிர்ந்து பார்த்துப் பார்த்து டிக் போட்டுக்கொண்டு வந்தார். ஆறாத புண்ணைக் கேட்கும் பதினொன்றாவது கேள்வியை அவள் படித்து முடித்தபோது மட்டும் அவர் நிமிரவில்லை, கீழே கால் இருந்த இடத்தைப் பார்த்தார்.